விசில் சத்தத்துக்குள் ஒரு வாக்கியம்

அன்பு மகளுக்கு,

கேட்காமல் போன உன் காதுக்குள் பொருத்திய, ஒலியை மின்துடிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கும் காக்ளியர் கருவியை முதன்முதலில் இயக்கிய அன்று நீ அனுப்பிய செய்தியை நானும் அம்மாவும் சேர்ந்துதான் படித்தோம். எல்லாரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது, அம்மாவின் குரல் வெறும் கீச்சொலியாக வருகிறது என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ, கோபித்துக்கொள்ளாதே, ஆர்வம்தான் கிளம்பியது.

பொருள் ஏறாத வெறும் சத்தம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதம்மா. கதவு அடித்துச் சாத்தினால் முதலில் ஓர் அதிர்வு வந்து, பிறகு அது கதவு என்று புரிவதில்லை. வரும்போதே கதவுச் சத்தமாகத்தான் வருகிறது. பழைய தருக்க நூல்கள் பெயரும் இனமும் கூடாத முதல் புலனறிவை நிருவிகற்பக் காட்சி என்றும், அவை கூடிய அறிவைச் சவிகற்பக் காட்சி என்றும் பிரிக்கின்றன. முதலாவதை ஊகித்துத்தான் அறிய முடியும் என்றார்கள் பிற்கால நியாய மரபினர். நீயோ அதற்கு மிக அருகில் போய் உட்கார்ந்திருக்கிறாய்.

நல்ல உள்காதில் ஒலியை நரம்புக்குக் கொடுக்கும் மயிர் உயிரணுக்கள் ஏறக்குறைய 3,500. அந்த நரம்பைத் தூண்டும் கருவியின் மின்முனைகளோ பொதுவாக 22-க்கு மேல் போவதில்லை. வருவது குறைவு, அதுவும் வேறு மாதிரி. ஆனால் குரல் என்பது காதிலேயே முடிந்துவிடுகிற காரியம் அல்ல.

1981-இல் ராபர்ட் ரெமெஸும் அவருடைய குழுவினரும் ஒரு வாக்கியத்தை விசில் போன்ற மூன்று தனி ஒலிகளாக (சைன் அலைகள் என்பார்கள்) சுருக்கிப் பலருக்குப் போட்டுக்காட்டினார்கள். ஒன்றும் சொல்லாமல் கேட்டவர்களில் பலருக்கு அது விசிலாகவும் ஏதோ விண்வெளிச் சத்தமாகவும் இருந்தது. பேச்சுதான் என்று சொல்லப்பட்டவர்களோ அதில் சொற்களைக் கண்டுபிடித்தார்கள். இரு சாராரின் காதிலும் விழுந்தது ஒரே ஒலி.

எனக்கு மிகப் பிடித்தது இன்னொரு கதை. வில்லியம் செசெல்டன் என்ற அறுவை மருத்துவர் 1728-இல் எழுதியது. சிறு வயதிலிருந்தே பார்வையில்லாத ஒரு சிறுவனுக்குக் கண்புரையை நீக்கினார். பார்க்கிற பொருளெல்லாம் தன் கண்ணைத் தொடுவதாக அவன் நினைத்தான். எது பூனை, எது நாய் என்று கண்ணால் பிரிக்கத் தெரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கவும் வெட்கம். கடைசியில் பூனையைப் பிடித்துத் தடவி, உற்றுப் பார்த்து, இனி உன்னைத் தெரிந்துகொள்வேன் என்று அதனிடமே சொன்னானாம். கைக்குத் தெரிந்த பூனையைக் கண்ணுக்கு அறிமுகம் செய்துவைத்தான், கெட்டிக்காரன்.

கருவியின் அளவுகளை அவ்வப்போது மாற்றியமைப்பார்கள்; அதுவும் வேண்டியதுதான். இருந்தாலும் பெரும்பாடு படப்போவது உன் மூளை. அதற்கு மாதங்கள் ஆகும். பேச்சை நீ ஏற்கெனவே அறிந்தவள் என்பதால் அதற்குப் பிடிமானம் உண்டு. இசையைப் பற்றி அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். சுருதி நுணுக்கம் இத்தனை சில முனைகளில் எளிதில் அடங்காது.

சனிக்கிழமை இரவு வீடியோவில் அழைக்கிறோம். அம்மா வாசிக்கப்போவதை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். முதல் முறை அதைப் பார்த்துக்கொண்டே கேள். இரண்டாம் முறை தாளைக் கவிழ்த்துவிட வேண்டும், ஏமாற்றக் கூடாது. உன் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளைத்தான் வாசிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நான் தடுத்துப் பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா