வயலினை விற்பதற்கு முன்

அன்புள்ள ஸ்டெல்லா,

ஊறுகாய் பத்திரமாக வந்து சேர்ந்தது. அம்மாவுக்குப் பிரஷர் இப்போது கட்டுக்குள் இருக்கிறது, பாதி பாட்டிலை அவளே காலி செய்துவிட்டாள், டாக்டருக்குத் தெரிய வேண்டாம். பிரவீனுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

சேவியர் போன வாரம் பேசும்போது போகிற போக்கில் ஒன்றைச் சொன்னான். நீ வயலினை விற்கப் போகிறாயாமே? கடைக்காரர் வந்து பார்த்து விலைகூடப் பேசிவிட்டாராம். இதை அவன் வாயால் கேட்க வேண்டியிருந்ததே என்று எனக்குக் கோபம்தான். உடனே போன் செய்திருப்பேன், ஆனால் போனில் நீ இரண்டே நிமிடத்தில் மழை, மகன், மளிகை என்று பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது இல்லையா, அதனால் முழுக்கப் படி.

முதலில் ஒரு ரெக்கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாக வீட்டில் வேறு எதுவும் ஓடுவதில்லை. கொரிய வயலின் கலைஞர் க்யுங் வா சுங் வாசித்த ப்ரூக், நம் ஜெர்மன் இசையமைப்பாளர் மாக்ஸ் ப்ரூக்தான். தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் ஜி மைனர் கான்செர்ட்டோவும், ஸ்காட்லாந்துப் பாட்டு மெட்டுகளில் கட்டிய ஸ்காட்டிஷ் ஃபேன்டஸியும், ருடால்ஃப் கெம்பெ நடத்த ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா, 1972இல் டெக்கா ரெக்கார்டு கம்பெனிக்காக லண்டன் கிங்ஸ்வே ஹாலில் பதிவு செய்தது. நாம் மாடி அறையில் கேட்டது தேய்ந்துபோன கேசட், அதுவும் கான்செர்ட்டோ மட்டும், கடைசிப் பகுதி வரும்போதெல்லாம் டேப் சுற்றிக்கொள்ளும், நீ பென்சிலை விட்டுத் திருகுவாய். இப்போது இரண்டையும் முழுசாக, சுத்தமாகக் கேட்கிறேன். அந்தக் கேசட்டில் நமக்குக் காதில் விழுந்தது கால்வாசிகூட இல்லை.

தொடக்கத்தை நினைத்துப் பார். டிம்பனி முரசு மெல்ல உருளுகிறது, ஊதுகுழல்கள் இரண்டு வரி சொல்லி நிறுத்துகின்றன, பிறகு வயலின் தனியாக, நாலாம் தந்தியின் திறந்த ஜி ஸ்வரத்திலிருந்து ஏறுகிறது. திறந்த தந்தி என்பதால் விரலை அசைத்து அழகு சேர்க்க வழியே இல்லை. வில்தான் எல்லாம். பெரிய பெரிய ஆட்கள்கூட அந்த ஜியைச் சட்டென்று தாண்டி, விரல் வேலை காட்டக்கூடிய மேல் ஸ்வரங்களுக்குப் போய்விடுகிறார்கள். சுங் அங்கேயே நிற்கிறார். தந்தி முதலில் லேசாகக் கரகரத்து அப்புறம்தான் குரல் திறக்கிறது, அந்தக் கரகரப்பை மறைக்க அவர் முயலவே இல்லை. அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது! அந்த வயதில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைப் பேச வேண்டாம், கொயர் மாஸ்டர் கல்யாணம் ஞாபகம் வந்துவிடும்.

அப்புறம் அடாஜியோ, அந்த மெதுவான இரண்டாம் பகுதி. முதல் பகுதி முடிந்ததும் கை தட்ட இடம் கொடுக்காமல் நேரே அதற்குள் போய்விடுகிறது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் உருகி ஊற்றுகிறார்கள், ஒவ்வொரு வரி முடிவிலும் வேகம் குறைந்து குறைந்து, கடைசியில் பாட்டு எங்கே போகிறது என்பதே மறந்துபோகும். சுங் அப்படிச் செய்வதில்லை. வரியை நடத்திக்கொண்டே போகிறார். பொங்க வேண்டிய இடம் ஒன்றுதான், அந்தப் பகுதியின் உச்சம், அதுவரை எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார். கெம்பெயும் அதற்குச் சரியான ஆள். நடத்துநர் ஆவதற்கு முன்னால் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் ஓபோ என்ற ஊதுகருவி வாசித்தவர். ஊதி வாழ்ந்தவருக்கு எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று தெரியும். சோலோவுக்குப் பின்னால் ஆர்க்கெஸ்ட்ரா சும்மா துணை நிற்பது போலவே இல்லை, கூடவே பாடுகிறது. இரண்டு பேர் சேர்ந்து பேசும் பேச்சு என்று எனக்குப் பட்டது.

ப்ரூக்கை நினைத்தால்தான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. 1866இல் கோப்ளென்ஸில் அவரே நடத்தி இந்த கான்செர்ட்டோவை அரங்கேற்றினார், திருப்தி வரவில்லை, வயலின் மேதை யோவாகிமிடம் கொடுத்து யோசனை கேட்டு முழுக்கத் திருத்தி எழுதினார், 1868இல் பிரேமனில் யோவாகிம் வாசித்தார். இதைக் கான்செர்ட்டோ என்று சொல்லலாமா ஃபேன்டஸி என்று சொல்ல வேண்டுமா என்றுகூட அவருக்குச் சந்தேகம், கான்செர்ட்டோவேதான் என்று யோவாகிம்தான் தைரியம் சொன்னார். இத்தனை பாடுபட்டதை ஒரே தொகைக்குப் பதிப்பாளரிடம் விற்றுவிட்டார். அப்புறம் உலகமே வாசித்தது, அவருக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனியில் பணத்துக்கு மதிப்பு சரியும் நேரம், எண்பது தாண்டிய கிழவர், கையில் ஒன்றும் இல்லை. தன்னிடமிருந்த கையெழுத்துப் பிரதியை சூட்ரோ சகோதரிகள் என்ற அமெரிக்கப் பியானோ ஜோடியிடம் கொடுத்து, அங்கே விற்றுப் பணம் அனுப்பச் சொன்னார். பணம் வருவதற்குள் 1920 அக்டோபரில் இறந்துபோனார். குடும்பத்துக்குக் கடைசியில் வந்தது செல்லாத ஜெர்மன் நோட்டுகள். பிரதியோ சூட்ரோ வீட்டிலேயே இருந்து, 1949இல்தான் விற்பனையானது. இப்போது நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. கேட்கும்போது ரத்தம் கொதிக்கிறதா இல்லையா?

இதற்கு மேல் இன்னொரு வேதனை. மூன்று வயலின் கான்செர்ட்டோ எழுதியவரிடம் எல்லோரும் முதலாவதை மட்டுமே கேட்டார்கள். வருகிற ஒவ்வொரு வயலின்காரரும் அதையே வாசித்துக் காட்ட நின்றதில் மனிதர் நொந்தே போனார்.

அதனால்தான் உன்னோடு பழைய சண்டையை மறுபடி தொடங்குகிறேன். ஸ்காட்டிஷ் ஃபேன்டஸியை நீ 'சர்க்கரைப் பாகு' என்றாயே, பீட்டர் சாரும் உன் பக்கம் சாய்ந்தாரே. இந்த ரெக்கார்டைக் கேட்டுவிட்டு அதைத் திரும்பச் சொல் பார்ப்போம். பித்தளைக் கருவிகள் இருட்டில் சவ ஊர்வலம் போவது போல ஆரம்பித்து வைக்கின்றன, வயலின் பாடவே இல்லை, பேசுகிறது, ஒரு வாக்கியம் சொல்லி நிற்கிறது, மறுபடி ஒன்று. பிறகு ஹார்ப் விரிந்து மெட்டு வரும்போது அந்த இனிப்பு சம்பாதித்த இனிப்பு. ஹார்ப் இங்கே அலங்காரத்துக்கு உட்கார்ந்திருப்பதில்லை, அது இரண்டாவது சோலோ மாதிரி. கடைசிப் பகுதியின் தொடக்கத்தில் ஆர்க்கெஸ்ட்ரா முழுக்கச் சும்மா இருக்க, வயலின் மூன்று நான்கு தந்திகளைச் சேர்த்துப் போட்டு ஒரு போர்ப் பாட்டை வாசிக்கிறது, கூட ஹார்ப் மட்டும். ராபர்ட் பர்ன்ஸ் 1793இல் சொல் எழுதிக் கொடுத்த பழைய மெட்டு அது. சுங் அந்தச் சேர்ந்த ஸ்வரங்களை வில்லால் வெட்டுகிறார், அழகு பார்க்கவில்லை. இதிலா சர்க்கரை?

ப்ரூக் இதை எழுதியது 1879, 80 குளிர்காலத்தில், பெர்லினில் உட்கார்ந்து. அதற்கு முன் ஸ்காட்லாந்தில் கால் வைத்ததே இல்லை. அச்சில் வந்த ஸ்காட்டிஷ் பாட்டுத் தொகுப்பு ஒன்று பல வருஷம் முன்னால் மியூனிக்கில் அவர் கையில் கிடைத்தது, அங்கே பிடித்த பைத்தியம். அப்படியென்றால் போலி என்பாய். ஏன் போலி? முத்துசுவாமி தீட்சிதர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்ட் வாசித்த மெட்டுகளைக் கேட்டு நொட்டுஸ்வரம் செய்தாரே, 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டுத்தானே, அதற்காக அவர் லண்டன் போக வேண்டியிருந்ததா? மெட்டைக் கேட்டவனுக்கு அது உள்ளே இறங்கியதா என்பதுதான் கேள்வி. ப்ரூக்குக்கு இறங்கியிருக்கிறது. மூன்றாவது பகுதியில், ஜானி இல்லாமல் வாடும் பெண்ணின் பாட்டு வரும் இடத்தை இரவில் தனியாகக் கேட்டுப் பார், அப்புறம் என்னிடம் வாதாடு.

சேவியர் வயலின் மேதை ஹைஃபெட்ஸின் கட்சி, உனக்குத் தெரியும். இந்த ஃபேன்டஸியை மறுபடி எல்லோர் காதிலும் போட்டவர் ஹைஃபெட்ஸ்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. 1947இல் ஒருமுறை, 1961இல் லண்டனில் நடத்துநர் சார்ஜென்ட்டோடு ஒருமுறை பதிவு செய்தார், அந்தச் சுத்தம் வேறு யாருக்கும் வராது. ஆனால் அவர் வாசிக்கும்போது எனக்கு அவர்தான் தெரிகிறார், சுங் வாசிக்கும்போது அந்தப் பெண்ணும் ஜானியும் தெரிகிறார்கள். சேவியர் இதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்வான், சொல்லட்டும்.

பதிவு செய்த இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிங்ஸ்வே ஹால் மெதடிஸ்ட் சபைக் கட்டடம், உனக்குப் பிடிக்கும். அடியில் பாதாள ரயில் ஓடியதால் அங்கே எடுத்த பல பதிவுகளில் உறுமல் கேட்கும், ஆனாலும் அந்த எதிரொலிக்காகவே கம்பெனிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. இப்போது அது இல்லை, இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் ஹோட்டல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சுங் 1967இல் லெவென்ட்ரிட் இசைப் போட்டியில் சுக்கர்மானோடு முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், 1970இல் வயலின் கலைஞர் பெர்ல்மனுக்குப் பதிலாக லண்டனில் மேடையேறி ஒரே இரவில் பெயர் வாங்கியவர், இதெல்லாம் நீயே எனக்குச் சொன்னது. அதற்குப் பின்னால் நடந்ததை நீ கவனித்தாயா? 2005இல் இடது கை விரலில் அடிபட்டது. ஐந்து வருஷம் மேடை இல்லை. சின்ன வயதிலிருந்து வேறெதுவும் செய்யாத ஒருத்தி, ஐந்து வருஷம்! ஜூலியார்ட் இசைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2010இல் திரும்ப மேடைக்கு வந்தார். 2016இல் பாக் என்ற இசையமைப்பாளரின் ஆறு தனி வயலின் படைப்புகளையும் முழுக்கப் பதிவு செய்து வெளியிட்டார், அறுபத்தெட்டு வயதில். பழைய வேகம் அதில் இல்லைதான். இருபத்து நான்கு வயதில் சொல்லத் தெரியாத வேறு சில விஷயங்கள் இருக்கின்றன.

உன் மணிக்கட்டு அவர் விரல் மாதிரியே சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை, நான் டாக்டர் இல்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்த அன்று உன் முகத்தைப் பார்த்தவள் நான், வலியைவிட அந்த இடது கையை நீ பிடித்திருந்த விதம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. பிளேட் வைத்த கையால் தந்தியில் மேலே மூன்றாம் பொசிஷனுக்குப் போக முடியாமல் அழுதாய் என்று சேவியர் சொன்னான். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பெட்டி கண்ணில் பட்டு வதைக்கிறது, அதனால் விற்றுவிடலாம் என்று நினைக்கிறாய். பணத்துக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். பணத்துக்காக என்றால் வாயைத் திறந்து கேள், நான் தருகிறேன், வெட்கப்படாதே.

கண்ணில் படக் கூடாது என்றால் என்னிடம் கொடுத்துவிடு. பிரவீன் பதினெட்டாம் தேதி திருநெல்வேலி வருகிறான், வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். தந்திகளை ஒரேயடியாகத் தளர்த்திவிடாதே, உள்ளே நிற்கும் சின்னக் குச்சி, அந்த சவுண்ட் போஸ்ட், சாய்ந்துவிடும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் விழும், அரை ஸ்வரம் இறக்கினால் போதும். வில்லின் முடியை மட்டும் முழுக்கத் தளர்த்திவிடு. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடு. இங்கே சர்ச்சில் ஒரு பெண் குழந்தை முக்கால் சைஸை விட்டு முழு சைஸுக்கு மாறும் வயதில் இருக்கிறாள், வாங்கும் வசதி வீட்டில் இல்லை. நீ கேட்கும்வரை அவள் வாசிக்கட்டும், சும்மா கிடந்தால் வயலின் குரல் அடைத்துப்போகும், உனக்கே தெரியும். நீ கேட்கிற அன்று திரும்பி வரும். கேட்கவே இல்லையென்றால் அதையும் அப்போது பேசிக்கொள்வோம்.

கடைக்காரரிடம் இன்னும் அட்வான்ஸ் வாங்கவில்லையே? வாங்கியிருந்தால் நாளைக்கே திருப்பிக் கொடு. பிரவீனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பதினைந்தாம் தேதிக்குள் எழுது, போன் வேண்டாம்.

பீட்டர் சாரைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல். ஃபேன்டஸி விஷயத்தில் அவர் சொன்னது தப்பு என்றும் சொல்.

என்றும் உன்,
மங்கை