வேனுக்குப் பொருந்தாத விளம்பரப் படலம் ஒட்டியது குறித்த புகார்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் தேக்காவில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்கு விநியோகிக்கும் சிறு தொழிலை நான் நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் எங்கள் வெள்ளை வேனில் விளம்பரம் ஒட்டுவதற்காக உங்கள் கடைக்கு வந்தேன். எந்த வகை ஏற்றது என்று எனக்குத் தெரியாததால், முடிவை உங்கள் விற்பனை அலுவலரிடமே விட்டேன். வேன் ஐந்தாண்டுக் குத்தகையில் இருப்பதையும், திருப்பிக் கொடுக்கும்போது சாயம் கெடாமல் இருக்க வேண்டும் என்பதையும், அதிகாலையில் மாவு இறக்கியபின் அது பகல் முழுவதும் கூரையில்லாத கார்ப்பேட்டையில் நிற்கும் என்பதையும் அவரிடம் விவரமாகச் சொன்னேன். முழு வேனையும் படலத்தால் போர்த்துவதே நல்லது, ஐந்தாண்டுகள் தாங்கும் என்று அவர் உறுதி கூறியதால் 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலுத்தினேன்.

எட்டு மாதங்களுக்குள் இழுவைக் கதவின் தடத்தை ஒட்டிய பள்ளத்தில் படலம் விரல் நுழையும் அளவுக்கு எழும்பிவிட்டது. ஓரங்களில் அது சுருங்கி உள்வாங்கிய இடமெல்லாம் வெளிப்பட்ட பசையில் தூசி படிந்து, கறுப்புக் கோடாகத் தெரிகிறது. வேறோர் ஒட்டுநரிடம் காட்டியபோது, இது கேலண்டர்டு வகை வினைல் (பிளாஸ்டிக் படலம்) என்றும், மேலே பாதுகாப்புக்காக ஒட்டப்படும் ஒளி ஊடுருவும் மேலுறையான லேமினேஷனே இல்லை என்றும் சொன்னார். உருளைகளுக்கிடையே அழுத்தி நீட்டித் தயாரிக்கப்படும் அவ்வகை, வெயில் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். திரவமாக ஊற்றி உலர்த்தப்படும் காஸ்ட் வகைக்கு அந்த இழுப்பு மிகக் குறைவு, மெல்லியதாகையால் வளைவுகளிலும் படிந்து நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் உள்ள ஊரில் தொழில் செய்யும் உங்களுக்கு இது தெரியாதிருக்க முடியாது. உங்கள் விலைப்பட்டியலிலோ 'வாகன ஸ்டிக்கர்' என்று மட்டுமே இருக்கிறது.

என்னை அதிகம் வருத்துவது பின்கதவுதான். அங்கே எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டினீர்கள். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டாக நிற்பதால், வேனைக் கழுவும்போது முதலில் உதிர்ந்தவை புள்ளிகளே. 'இட்லி மாவு கிடைக்கும்' என்பது இன்று 'இடலி மாவு கிடைககும' என்று சாலையெங்கும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் கடைப் பெயரைவிட இந்தப் பிழையைத்தான் வாடிக்கையாளர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். சொற்களை ஒரே பலகைபோல் அச்சிட்டு, லேமினேஷனுடன் ஒட்டியிருந்தால் ஒரு புள்ளியும் விழுந்திருக்காது.

பக்கவாட்டில் காட்ட வேண்டிய எடை விவரங்களையும் உங்கள் படலம் மறைத்துவிட்டது. அவற்றை என் செலவில் மீண்டும் எழுத வைத்தேன். வண்டியின் நிறம் மாறினால் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நீங்கள் எனக்குச் சொல்லவில்லை.

உண்மையில் எங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு பக்கங்களின் சமதளத்திலும் பின்கதவிலும் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் பெரிதாகத் தெரியும் பகுதி விளம்பரம் மட்டுமே. எனவே, தற்போதைய படலத்தைச் சாயம் பெயராமல் உங்கள் செலவில் அகற்றி, லேமினேஷன் செய்த காஸ்ட் வினைலில் அவ்வாறு ஒட்டித் தருமாறும், படலத்தின் வகையையும் உத்தரவாதக் காலத்தையும் எழுத்தில் தருமாறும், விலையில் உள்ள வித்தியாசத்தைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். 14 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில், படங்களுடனும் ரசீதுடனும் மனு செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்