ஆராய்ச்சி மாணவர்கள் இணையத்தில் எழுதுவதைத் தடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கைத் தன் டிஎன்ஏவிலேயே சேர்த்துக்கொண்டு வாழும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்துவிட்டதாக 2010 டிசம்பரில் நாசா பெரிதாக அறிவித்ததே, அந்த ஆய்வுக் கட்டுரையை 'சயின்ஸ்' இதழ் 2025 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்ட செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். நாலைந்து வரிதான் இருந்தது. அந்தக் கட்டுரையில் இருந்த ஓட்டையை யார், எங்கே எடுத்துச் சொன்னார்கள் என்பது அதில் இல்லை. சென்னையில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்குத் தெரியவேண்டியது அந்தப் பகுதிதான் என்பதால் இதை எழுதுகிறேன். நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் ரோஸி ரெட்ஃபீல்ட், கட்டுரை வந்த சில நாட்களுக்குள் தன் வலைப்பதிவில் அதைப் பிரித்துப் போட்டார். டிஎன்ஏவைச் சரியாகச் சுத்தம் செய்யாமலே அளந்திருக்கிறார்கள், பாக்டீரியா வளர்ந்த கரைசலில் அது உயிர்வாழப் போதுமான அளவு பாஸ்பரஸ் ஏற்கெனவே கலந்திருந்தது என்று காரணத்தோடு எழுதினார். இதையெல்லாம் ஆய்விதழில்தான் பேசவேண்டும், வலைப்பதிவில் அல்ல என்கிற மாதிரிதான் முதலில் பதில் வந்தது. அவர் விடவில்லை. அதே பாக்டீரியாவைத் தன் ஆய்வகத்தில் வளர்த்து, சரியாக வந்தது, சொதப்பியது எல்லாவற்றையும் வலைப்பதிவிலேயே எழுதிக்கொண்டு வந்தார், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். 2012இல் அவரும் பிரின்ஸ்டனில் இருந்த கூட்டாளிகளும் சேர்ந்து எழுதிய மறுப்பு அதே சயின்ஸ் இதழில் வந்தது. மோசடி ஏதும் இல்லை, ஆனால் சோதனைகள் முடிவைத் தாங்கவில்லை என்று சொல்லி இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற இன்னும் 13 வருடம் ஆனது, எழுதியவர்கள் இப்போதும் அதை ஏற்கவில்லை. ஆனால் விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த முதல் வாரத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவர் துணிந்து பொதுவில் எழுதியதால்.

வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கவேண்டாம். 2018 ஜூலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இருவர், தங்கமும் வெள்ளியும் கலந்த நானோ துகள்களில் அறை வெப்பநிலையிலேயே மீகடத்துத்திறன், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுவது, கிடைக்கிறது என்று ஆர்கைவ் தளத்தில் ஒரு கட்டுரை போட்டார்கள், இதழுக்குப் போகும் முன்பே கட்டுரைகளை யாரும் படிக்கும்படி போடுகிற இணையதளம் அது. உண்மையாக இருந்தால் நோபல் பரிசு நிச்சயம் என்கிற அளவுக்குப் பெரிய விஷயம். அமெரிக்காவில் எம்ஐடியில் இருந்த பிரையன் ஸ்கின்னர் என்ற இளம் ஆய்வாளர் அந்தக் கட்டுரையில் இருந்த ஒரு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். வெவ்வேறு காந்தப் புலங்களில் எடுத்த இரண்டு அளவீடுகளிலும் புள்ளிகள் ஒரே மாதிரி மேலும் கீழும் ஆடின. கருவியின் இரைச்சல், அதாவது அளவீட்டில் தற்செயலாக வரும் சின்ன ஏற்றஇறக்கம், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிதான் வரவேண்டும், இரண்டு தடவையும் அச்சடித்தது மாதிரி வரக்கூடாது. அதை அவர் ட்விட்டரில் போட்டதும் நம் நாட்டு இயற்பியலாளர்களே ஃபேஸ்புக்கில் வரிவரியாக விவாதித்தார்கள். அது வேறு ஏதாவது காரணத்தால் வரலாமா என்றும் சிலர் பொறுமையாக யோசித்து எழுதினார்கள். அடுத்த ஆண்டு அந்தக் குழு இன்னும் பலரைச் சேர்த்துக்கொண்டு விரிவான கட்டுரையைப் போட்டது. என் வகுப்பில் பிழைக்கணிப்புப் பாடம் எடுக்கும்போது அந்த வரைபடத்தைத் திரையில் காட்டுவேன். பாடப்புத்தகத்தில் இரைச்சல் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, ஒரு மாணவருக்கும் மனதில் நிற்காது. இதைக் காட்டினால் நிற்கிறது.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் எம்எஸ்சி படித்த ஒரு மாணவி இப்போது வேறொரு நிறுவனத்தில் நிலத்தடி நீர் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். தென்சென்னைக் கடற்கரையோரம் போர் தண்ணீர் ஏன் உப்பாகிறது என்பதைத் தமிழில் ஒரு வலைப்பதிவாக எழுதினார். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு, அதனால் மணலுக்கடியில் அது கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 மீட்டர் உயரம் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். இதைத் திருப்பிப் போட்டால்தான் பயமே வருகிறது. மோட்டார் போட்டு உறிஞ்சி அந்த 1 மீட்டரைக் குறைத்துவிட்டால் கீழே உப்புநீர் 40 மீட்டர் மேலே ஏற இடம் கிடைத்துவிடுகிறது. நூறு வருடத்துக்கு மேல் பழைய கணக்கு, பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் திருவான்மியூரிலோ பாலவாக்கத்திலோ வீடு கட்டி, போர் போட்டு, டேங்கர் லாரிக்கும் காசு கொடுத்துக்கொண்டிருக்கிற ஒருவருக்கு இதை யார் தமிழில் சொன்னார்கள்?

அந்தப் பதிவுக்கு வந்த பதில்களை நான் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். கொட்டிவாக்கத்தில் ஒருவர், தங்கள் வீட்டுப் பழைய உறைகிணறு 20 அடியில் இன்னும் நன்றாக இருக்கிறது, பக்கத்து மனையில் 120 அடிக்கு இறக்கிய போர் வாயில் வைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், வாட்ச்மேன் டிடிஎஸ் மீட்டரில் பார்த்து மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் எழுதி வந்த அளவுகளை மாதவாரியாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். ஆராய்ச்சி மாணவர்கள் இப்படி ஒரு தொடர் அளவீட்டுக்கு வீடு வீடாக அலைகிறார்கள், பல வீட்டில் கேட்டையே திறப்பதில்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒரு பெரியவர் சொன்னது. கடலை மட்டும் பார்க்கிறாயே அம்மா, மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கிறதே, அதிலும் கடல்நீர் ஏறி இறங்குகிறது, கால்வாய் ஓரத்துக் கிணறுகளும் கெட்டுப்போயின என்று. அவர் சொன்னது சரி. இரண்டு பக்கமும் உப்பு, நடுவில் ஒரு குறுகலான மணல் திட்டு. அந்த மாணவி தன் மாதிரி எடுக்கும் இடங்களில் கால்வாய்ப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் போன் செய்தார். "மேம், அந்தப் பதிவையெல்லாம் எடுக்கச் சொல்லிட்டாங்க."

காரணம் கேட்டேன். பேப்பர் வருவதற்கு முன் வெளியே சொன்னால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களாம். அவர் தன் அளவீடு ஒன்றைக்கூட அதில் போடவில்லை. போட்டிருந்தாலும்தான் என்ன? இயற்பியல்காரர்கள் 1991 முதல் ஆர்கைவில் கட்டுரைகளைத் தேதியோடு போட்டுவிட்டுத்தான் இதழுக்கு அனுப்புகிறார்கள். யார் முதலில் சொன்னது என்பதற்கு அந்தத் தேதியே சாட்சி. பதிவு எழுதுகிற நேரத்தில் தீசிஸ் எழுதலாமே என்றும் சொன்னார்களாம், இதைப் பற்றி நான் என்ன சொல்ல, நாற்பது பேருக்குப் புரியும்படி ஒரு விஷயத்தை எழுதிப் பழகியவர்கள்தான் தீசிஸும் நன்றாக எழுதுகிறார்கள். மூன்றாவது காரணம் மட்டும் உண்மையானது. அரசுத் துறைகளிடம் அனுமதி வாங்கித்தான் மாதிரி எடுக்கிறோம், யாராவது கோபித்துக்கொண்டால் அடுத்த தடவை அனுமதி கிடைக்காது என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் நிறுவனம்தான் மாணவிக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும். உதவித்தொகையை நம்பி இருக்கிற ஒரு பெண்ணைப் பின்வாங்கச் சொல்வது நியாயமே இல்லை.

மக்களுக்கு இதில் ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை எப்படி மாறியது என்று பாருங்கள். வானிலைத் துறையில் வேலை பார்க்காத பிரதீப் ஜான் எழுதுவதை, மழைக்காலம் வந்தால் ஊரே எடுத்துப் பார்க்கிறது. ஆட்டோ ஓட்டுகிறவர் ரேடார் படத்தைக் காட்டி மேகம் கடலுக்குள் இருக்கிறது, கரைக்கு வரவில்லை என்கிறார். எளிமையாக, தினமும், கணிப்பு தவறினால் தவறியது என்று சொல்லி எழுதினால் தமிழர்கள் எவ்வளவு நுணுக்கமான அறிவியலையும் படிப்பார்கள் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. நோயாளியை சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் குணமாக்க முடியும் என்று உலகம் நம்பிய காலத்தில், வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தாலும் ஏறத்தாழ அதே பலன் கிடைக்கிறது, வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் தொற்று கூடவும் இல்லை என்று இந்த ஊர் ஏழை நோயாளிகளை வைத்து 1959இல் காட்டியவர்கள் அவர்கள். உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை மாறியதற்கு அது பெரிய காரணம். என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தெருவில் குடியிருக்கிற மாணவருக்கும் தெரியவில்லை.

இணையத்தில் போட்டால் தப்பும் பரவுமே என்று கேட்பீர்கள். பரவும். 2020 ஜனவரி 31 அன்று டெல்லி ஆய்வாளர்கள் சிலர், புதிய கொரோனா வைரசில் எச்ஐவியை ஒத்த பகுதிகள் இருப்பதாக, ஆர்கைவ் மாதிரியே உயிரியலுக்கு இருக்கும் பயோஆர்கைவ் தளத்தில் போட்டார்கள். மற்ற ஆய்வாளர்கள் அங்கேயே கருத்துப் பகுதியில் தவறைக் காட்ட, ஓரிரு நாளில் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். ஆய்வாளர்கள் நடுவில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது முதல் பாதி மட்டும், எடுத்துவிட்ட செய்தி வரவே இல்லை. அதைத் தமிழில் அன்றைக்கே எழுத ஒரு உயிரியல் மாணவர் தயாராக இருந்திருந்தால் நான் அதை அந்தக் குழுவில் போட்டிருப்பேன். அந்த மார்ச் மாதம் இந்திய விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து கொரோனா வதந்திகளுக்குப் பல மொழிகளில் பதில் எழுதினார்கள், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது. ஆனால் அதை அவர்கள் தங்கள் சொந்த நேரத்தில் செய்தார்கள்.

ஆய்விதழ்களைப் படிப்பதற்காக ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது மத்திய அரசு. ஏறத்தாழ 13,000 இதழ்கள். மாணவர்களுக்கு நல்லதுதான், எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தக் கதவு அரசு நிறுவனங்களுக்கு உள்ளே இருப்பவர்களுக்குத்தான் திறக்கிறது. கொட்டிவாக்கத்துக்காரர் தன் கிணற்றைப் பற்றிய கட்டுரையை அப்போதும் படிக்க முடியாது, படித்தாலும் அது ஆங்கிலத்தில், துறைக்காரர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி இருக்கும். விஞ்ஞானிகளுக்குச் சமூகப் பொறுப்பு உண்டு என்று அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. அது காகிதத்தில் நிற்கிறது, ஏனென்றால் பதவி உயர்வுக்கு உட்காரும்போது குழு கேட்பது எத்தனை பேப்பர் என்பதை மட்டும்தான். மக்களுக்காகத் தமிழில் எழுதியதையும் ஒரு வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும், ஒரு கட்டுரைக்குப் பாதி மதிப்பெண் கொடுத்தால்கூடப் போதும், பிறகு பாருங்கள் எத்தனை பேர் எழுத வருகிறார்கள் என்று.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். கிண்டி, தரமணி, பள்ளிக்கரணை, சேத்துப்பட்டு, அடையாறு என்று உங்கள் அலுவலகத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் இத்தனை ஆய்வகங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு நிறுவனச் செய்தியை மொழிபெயர்த்துப் போடுகிற இடத்தில், வாரம் ஒரு நாள் அங்கே வேலை பார்க்கிற ஒரு மாணவரை அவர் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதை உங்கள் இணையதளத்திலும் போட்டு, படிப்பவர்கள் கேட்கும் கேள்விக்கு அவரே பதில் சொல்ல இடம் கொடுங்கள். நாளிதழில் பெயர் வந்துவிட்டால் எடுத்துவிடு என்று சொல்ல எந்த நிறுவனமும் கொஞ்சம் யோசிக்கும். அந்த மாணவியிடம் கேட்டுவிட்டேன், போர் தண்ணீர் பற்றி முதல் கட்டுரை எழுத அவர் தயார்.

என் பெயரை வெளியிட்டால் அவர் யார் என்று தெரிந்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியை,
திருவான்மியூர், சென்னை