மோட்டாரை எப்போது போடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தகவல் தொழில்நுட்பத்தால் பருவநிலை மாற்றத்தை எப்படி எதிர்கொள்வது என்று சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செயற்கை நுண்ணறிவு, செயற்கைக்கோள், தானாக ஓடும் கார் எல்லாம் அதில் இருந்தன. வீட்டு வாசலில் தொங்கும் மீட்டர் பெட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடம் மின்வாரியக் கணக்கீட்டாளராகத் தெருத்தெருவாக மின் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போவோம். இப்போதைய எண்ணிலிருந்து போன முறை எண்ணைக் கழித்து வெள்ளை அட்டையில் எழுதிக் கொடுப்போம். “என்ன சார், இவ்வளவு ஓடியிருக்கு?” என்று வீட்டுக்காரம்மா கேட்பார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அறுபது நாள் கதையை அந்தப் பெட்டி ஒரே ஒரு எண்ணாகத்தான் சொல்லும். ஏசியா, பழைய ஃப்ரிட்ஜா, ஹீட்டரா என்று சொல்லாது. 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடுகளில்தான் உண்மையான சண்டை. அதைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும், 499க்கும் 501க்கும் இருக்கும் வித்தியாசம் இரண்டு யூனிட்டின் விலை அல்ல. “நீங்க மூணு நாள் லேட்டா வந்ததாலதான் தாண்டிடுச்சு” என்பார்கள். சில வீடுகளில் அது நியாயமாகவும் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, பிளக்கில் சொருகி வாட் பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினேன். டிவியை அணைத்த பிறகும் எங்கள் செட்டாப் பாக்ஸ் 9 வாட் இழுத்துக்கொண்டே இருந்தது. அறுபது நாளும் இரவு பகலாக அப்படியே இருந்தால் 13 யூனிட். யாரும் பார்க்காத டிவிக்கு 13 யூனிட்! சீலிங் ஃபேனை அதில் சொருக முடியாது, ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை வைத்துத்தான் கணக்கு. சாதாரண ஃபேன் 75 வாட். உள்ளே மின்னணுக் கட்டுப்பாடு வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமார். தினம் 12 மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராம் அளவுக்குக் கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் ஒரு ஃபேன் மாற்றினால் இரண்டு மாதத்தில் 22 கிலோ.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். நான் சொல்ல வந்தது வேறு. ஒருநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு என் மனைவி மோட்டார் போடப் போனபோது, “மத்தியானமே போட்டிருக்கலாமே” என்றேன். “எந்த நேரத்துல போட்டா என்ன, கரண்ட் ஒண்ணுதானே?” என்று கேட்டாள்.

ஒன்று இல்லை. மீட்டரில் ஒன்றுதான், பில்லிலும் ஒன்றுதான், ஆனால் வந்த வழி வேறு. வெயில் அடிக்கும் நடுப்பகலில் கமுதியில் இருக்கும் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் போலப் பல இடங்களிலிருந்து மின்சாரம் கொட்டுகிறது. ஆறு மணிக்கு மேல் அது சரசரவென்று இறங்கிவிடும். அதே நேரத்தில்தான் விளக்கு, டிவி, கிரைண்டர், ஏசி, மோட்டார் எல்லாம் வீட்டுக்கு வீடு ஓட ஆரம்பிக்கும். அந்த ஓட்டையை அடைப்பதில் பெரும்பங்கு மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை என்று நிலக்கரி எரிக்கும் நிலையங்களுடையது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய முக்கால் கிலோவாட். மூன்று லட்சம் வீடுகளில் ஒரே நேரத்தில் ஓடினால், மேட்டூரின் பழைய அலகு ஒன்றின் 210 மெகாவாட்டும் அதற்கே போதாது. அதே மூன்று லட்சம் வீடுகளும் பகல் ஒரு மணிக்குத் தொட்டியை நிரப்பினால், யூனிட் ஒன்றுகூடக் குறையாது, ஆனால் கரி குறையும்.

மொட்டைமாடித் தொட்டி ஒரு பேட்டரி என்று சொன்னால் சிரிக்காதீர்கள். வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே இருக்கும் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பதுதான் அதன் வேலை. நம் தொட்டியிலிருந்து மின்சாரம் எடுக்க முடியாது, சரி. ஆனால் மிஞ்சும் நேரத்து மின்சாரத்தைத் தண்ணீராக மேலே வைத்துக்கொள்ள முடியும்.

அப்படியானால் ‘பகலில் மட்டும் போடு’ என்று போர்டு எழுதி வைத்துவிட்டால் போதாதா, இதில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். போதாது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போது இரவு பன்னிரண்டு மணிக்கும் காற்றாலை சுற்றும். வாங்க ஆள் இல்லாமல் காற்றாலையை நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு. கார்த்திகையில் மூன்று நாள் மூடிக்கொண்டு மழை பெய்தால் பகலும் இரவுபோலத்தான். நல்ல நேரம் தினம் மாறுகிறது. ஆனால் அதை முன்கூட்டியே கணிக்கிறார்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் இந்தக் கணிப்பு வேலையைச் செய்திருக்கிறது. ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, 96 துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டில் எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு தேவை என்று மின் சுமை மையங்களில் திட்டம் போடுகிறார்கள். தகவல் இருக்கிறது. வீட்டுக்கு வருவதில்லை.

ஸ்மார்ட் மீட்டரை நான் ஆதரிப்பது இதற்காகத்தான். பழைய தோழர்கள் சிலருக்கு என்மேல் கோபம். ரீடிங் எடுக்கும் வேலை போய்விடுமே என்று. அவர்கள் பயம் பொய்யில்லை. அந்த ஆட்களை வேறு எங்கே வைப்பது என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட்டு மீட்டரை மாட்ட வேண்டும். சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஸ்மார்ட் மீட்டர்களை முன்னோட்டமாகப் பொருத்தினார்கள். அரைமணி, கால்மணிக் கணக்கைத் தானாகவே அனுப்பும் கருவி அது. அறுபதாவது நாள் சரியாகக் கணக்கு எடுத்துவிடும், அந்த 500 யூனிட் சண்டை பாதி தீரும். ஆனால் அந்தக் கணக்கு அலுவலகக் கணினிக்கு மட்டும் போய், பணம் கட்டாதவரின் மின்சாரத்தைத் தூரத்திலிருந்தே துண்டிக்க மட்டும் பயன்பட்டால், அது விலை கூடிய பழைய மீட்டர், அவ்வளவுதான். வீட்டுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தி தமிழில் வர வேண்டும்: இந்த வாரம் இவ்வளவு, மாலை நேரத்தில் இவ்வளவு, இதே போக்கில் போனால் 500ஐத் தாண்டுவீர்கள். ஆப் வேண்டாம். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கும் புரிய வேண்டும்.

நேரத்துக்குத் தகுந்த கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. வெயில் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவு, தேவை எகிறும் உச்ச நேரத்தில் குறைந்தது 10 முதல் 20 சதவீதம் அதிகம் என்பது அதன் சாரம். ஆலைகளுக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணம் நம் மாநிலத்தில் ரொம்ப காலமாகவே உண்டு, மில்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஷிப்ட் போடுகிறார்கள். வீட்டுக்கு வரும்போது தள்ளுபடியை முதலில் கொடுங்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து சமைக்கிற பெண்ணிடம் ‘உன் மிக்சிக்குக் கூடுதல் காசு’ என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது.

தரவு மையங்களே மின்சாரத்தைத் தின்கின்றனவே என்று உங்கள் கட்டுரையாளர் கவலைப்பட்டிருந்தார். உண்மைதான், 2024இல் உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம் அவற்றுக்குப் போனதாக சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது. ஆனால் நான் கேட்கும் குறுஞ்செய்திக்கு அவ்வளவு பெரிய மூளை தேவையில்லை.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். தினமும் தங்கம் விலை போடுகிறீர்கள், மேட்டூர் அணை நீர்மட்டம் போடுகிறீர்கள், ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் போடுகிறீர்கள். நேரம் பார்த்துக் காரியம் செய்வது நம் வீடுகளுக்குப் புதிதா என்ன? அதே கட்டத்துக்குக் கீழே, மின் சுமை மையத்தைக் கேட்டு, ‘நாளை மோட்டார் போட நல்ல நேரம்’ என்று ஒரு வரி போட முடியுமா? என் மனைவி நான் சொன்னால் நம்ப மாட்டாள். பேப்பரில் வந்தால் நம்புவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் கணக்கீட்டாளர்,
திண்டுக்கல்