வெளிச்சம் தெரிந்தால் சன்னல் பக்கம் போகாதீர்கள்: ஐ.நா. விண்வெளிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: விண்வெளியின் அமைதிப் பயன்பாட்டுக்கான ஐ.நா. குழு, வியன்னா.

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2024 ஒய்ஆர்4 சிறுகோள் கிளப்பிய பரபரப்பின் பின்னணியை உங்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அது பூமியில் மோதும் வாய்ப்பு 1 விழுக்காட்டைத் தாண்டியதால் 2025 ஜனவரி 29 அன்று பன்னாட்டுச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு அறிவிப்பு விடுத்தது. பிப்ரவரி 18 அன்று அந்த எண் 3.1 விழுக்காடாக ஏறியது. அதற்கடுத்த ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய பூஜ்யமாகிவிட்டது. சிறுகோள் வரக்கூடிய இடங்களின் நீண்ட கோடு அளக்க அளக்கச் சுருங்குகிறது. பூமி அந்தக் கோட்டுக்குள் இருக்கும்வரை கோட்டில் பூமி பிடிக்கும் பங்கு, அதாவது மோதும் வாய்ப்பு, கூடும்; கோடு பூமியை விட்டு நகர்ந்ததும் சரிந்துவிடும். இதைச் சொல்ல நான்கு வரி போதும். தலைப்புச் செய்திகளில் மக்களுக்குக் கிடைத்ததோ எண் மட்டும்தான். ஒரு பாதிப் பேர் பயந்தார்கள், மறுபாதிப் பேர் இனி இந்தப் பேச்சையே நம்பமாட்டோம் என்று முடிவுகட்டினார்கள்.

அதனால் எங்களுக்குள்ள கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு கோரிக்கையோடு வருகிறோம். வானில் கண்கூசும் வெளிச்சம் தெரிந்தால் சன்னலை விட்டு விலகி, மேசைக்கடியிலோ உட்சுவர் ஓரமாகவோ குனிந்து, ஐந்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். இந்த விதியை நிலநடுக்க ஒத்திகையோடும் தீ ஒத்திகையோடும் பள்ளிகளில் சேர்க்கும்படி உறுப்பு நாடுகளுக்கு முறைப்படி பரிந்துரை செய்யுங்கள்.

2013 பிப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல், தரைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. வெளிச்சம் அந்தக் கணமே ஊரை எட்டிவிட்டது. அதிர்வலை வந்துசேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு நிமிடத்தில் மக்கள் செய்தது, யாரும் இயல்பாகச் செய்யக்கூடியதுதான்: என்ன வெளிச்சம் அது என்று பார்க்கச் சன்னலுக்குப் போனார்கள். வானத்தில் நீண்டு கிடந்த வெண்புகைத் தடத்தைக் கண்ணாடியோடு கண்ணாடியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி உடைந்து உள்ளே பாய்ந்தது. சுமார் 1,500 பேர் மருத்துவ உதவி தேடினார்கள். கல் விழுந்து காயம்பட்டவர்கள் அல்லர் அவர்கள். பெரும்பாலோருக்குக் கண்ணாடி கிழித்த காயம்.

அதே ஊரில் ஒரு பள்ளி ஆசிரியை, வெளிச்சத்தின் காரணம் தெரியாமலேயே, தன் வகுப்பிலிருந்த 44 பிள்ளைகளையும் மேசைக்கடியில் போகச் சொன்னார். ஒரு பிள்ளைக்கும் கண்ணாடி படவில்லை. நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் கையில் தசைநாண் அறுந்தது. ஒரு தனிமனுஷிக்குத் தோன்றிய யோசனை இத்தனை ஆண்டுகளில் எல்லா வகுப்பறைக்கும் போயிருக்க வேண்டாமா?

விதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் இருக்கிறது. ஒலி மூன்று விநாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் போகும். வெடிப்பு 30 கிலோமீட்டர் உயரத்தில் என்றால் நேர் கீழே இருப்பவருக்கே ஒன்றரை நிமிடம் ஆகும், தள்ளி இருப்பவருக்கு இன்னும் கூடும். இடி மின்னலுக்குப் பழகியவர்கள் பத்துப் பதினைந்து விநாடி பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுந்துவிடுவார்கள், அங்கேதான் ஆபத்து. ஐந்து நிமிடத்தில் ஒலி 100 கிலோமீட்டர் கடந்துவிடும், கண்ணாடியை நொறுக்கும் வலு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். முதல் சத்தம் கேட்டதும் எழுந்துவிடவும் கூடாது. கல் பல உயரங்களில் துண்டு துண்டாக உடைவதால் அதிர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

காற்றழுத்தம் நூற்றில் ஒரு பங்கு ஏறினாலே பெரிய கண்ணாடிக்கு ஆபத்துதான். இரண்டு சதுர மீட்டர் சன்னலில் அது 200 கிலோ எடை திடீரென்று மோதுவதற்குச் சமம். கட்டடம் நிற்கும், கண்ணாடி நிற்காது. ஆகவே வெளியே ஓடச் சொல்லக் கூடாது. கண்ணாடியிடமிருந்து விலகச் சொன்னால் போதும். வெளிச்சத்தை நேராகப் பார்க்கவும் கூடாது. செல்யாபின்ஸ்கில் கண்வலியும் வெயிலில் கருகியது போன்ற தோல் எரிச்சலும் பலருக்கு வந்தன.

முன்கூட்டியே எச்சரிப்போமே என்று நீங்கள் சொல்லலாம். எச்சரிக்கை வலையமைப்பு அறிவிப்பு விடுக்க, கல் 10 மீட்டருக்கு மேற்பட்டதாகவும் மோதும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கு மேலும் இருக்க வேண்டும். தரையில் ஆயத்தம் தொடங்க 20 மீட்டரும் 10 விழுக்காடும் வேண்டும். இவையெல்லாம் கண்ணில் பட்ட கல்லுக்குத்தானே? செல்யாபின்ஸ்க் கல் சூரியன் இருந்த பக்கத்திலிருந்து வந்தது, தரைத் தொலைநோக்கி எதுவும் அதைப் பார்க்கவில்லை. 2024 ஒய்ஆர்4-கூட பூமியைக் கடந்துபோன இரண்டு நாளைக்குப் பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டது. பூமிக்கருகே வரும் 140 மீட்டருக்கு மேற்பட்ட சிறுகோள்களில் 90 விழுக்காட்டை 2020-க்குள் கண்டறிய வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2005-இல் சட்டமே போட்டது. கெடு தாண்டியும் பாதிகூட எட்டவில்லை. அதற்கென்று கட்டப்படும் அகச்சிவப்பு விண்தொலைநோக்கி 2027 செப்டம்பருக்கு முன் கிளம்பாது. 2022-இல் டைமார்ஃபோஸ் சிறுகோளில் விண்கலத்தை மோதவிட்டு, அது பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும் காலத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைக்க முடிந்திருக்கிறது. அவ்வளவு தூரம் போய்த் தாக்கத் தெரிந்த உலகத்துக்கு, தரையில் இருப்பவரிடம் குனி என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய கற்களைத் தேடுவதும் திருப்புவதும் நடக்க வேண்டும், அதற்குப் பணமும் காலமும் பிடிக்கும். ஒத்திகையில் ஒரு விதியைச் சேர்க்க இரண்டும் பெரிதாக வேண்டாம்.

இதற்கான அடித்தளத்தை ஐ.நா.வே போட்டிருக்கிறது. சைபீரியாவின் துங்குஸ்கா காட்டை 1908-இல் சாய்த்த வெடிப்பின் நினைவாக ஜூன் 30-ஐப் பன்னாட்டுச் சிறுகோள் நாளாக 2016-இல் பொதுச்சபை அறிவித்தது, ஆபத்தைப் பற்றிப் பொதுமக்களுக்கு விழிப்பூட்டத்தான். 2029-ஐயும் சிறுகோள் விழிப்புணர்வு ஆண்டாக அறிவித்திருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 13 அன்று அப்போஃபிஸ் என்ற சிறுகோள் சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் மோதாமல் கடந்துபோகும். வெறுங்கண்ணாலேயே பலர் பார்ப்பார்கள், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அதற்கு முன்பே இந்த விதி அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே, உங்கள் அறிவியல் தொழில்நுட்பத் துணைக்குழுவின் அடுத்த பிப்ரவரிக் கூட்டத்தில் இதைப் பேசுபொருளாக எடுத்துக்கொள்ளுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். சில மணி நேரத்துக்கு முன்பு கண்டுபிடிக்கப்படும் சிறு கற்களுக்கும் கைப்பேசி அவசரச் செய்தியில் இதே விதி, வரும் நேரத்தோடும் பாதையோடும், அந்தந்த மக்களின் மொழியில் போகட்டும். வாசகம் இவ்வளவு போதும்: "வெளிச்சம் தெரிந்தால் பார்க்காதே. சன்னலை விட்டு விலகு. குனிந்து மறைந்திரு. ஐந்து நிமிடம் எழாதே."

இப்படிக்கு,
விண்கல் ஆபத்தைத் தொடர்ந்து கவனித்துவருவோர்