நாளைக் காலை காற்று இருக்காது: பாராமோட்டார் டேக்-ஆஃப் குறித்து

பாராமோட்டார் (முதுகில் மோட்டார், தலைக்கு மேல் ‘விங்’ எனும் துணிச் சிறகு) பறக்கும் நண்பர்களே, நாளை விடியலில் தரைக்காற்று ஏறக்குறைய பூஜ்யம் என்கிறது வானிலை. ரிவர்ஸ் லாஞ்ச் (விங்கைப் பார்த்து நின்று எழுப்பிவிட்டுத் திரும்பிக் கிளம்புவது) வேண்டாம், முன்னோக்கி ஓடித்தான் கிளம்ப வேண்டும்.

கணக்கு எளிது. நம்மைத் தூக்க விங்குக்கு மணிக்குச் சுமார் 25 கி.மீ. காற்றோட்டம் வேண்டும். எதிர்க்காற்று 10 இருந்தால் மீதி 15. பூஜ்யம் என்றால் அத்தனையும் காலும் மோட்டாரும்தான் தர வேண்டும். முதுகுப் பக்கம் லேசாக வீசினாலும் ஓட்டம் நீளும். கிளம்பும் முன் ஒரு பிடி புழுதியைத் தூவிப் பாருங்கள்.

விங்கைப் பிறை போல விரியுங்கள். நடுப்பகுதி தள்ளியும் நுனிகள் உங்கள் பக்கமும் இருக்கட்டும். அப்போதுதான் நடு முதலில் எழும். பனியில் நனைந்த துணி கனக்கும், சோம்பலாகத்தான் ஏறும். கொஞ்சம் வெயில் வரட்டும், அவசரமில்லை.

ஏ ரைசர்களை (விங்கின் முன்பக்க லைன்கள், அதாவது கயிறுகள், வந்து சேரும் பட்டைகளை) இழுக்காதீர்கள், கை கூடவே போனால் போதும். விங் தலைக்கு மேல் வரும்வரை முழு த்ராட்டில் கூடாது. தொய்ந்த லைன் ப்ரொப்பெல்லருக்குள் போகும். விங் ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் அடிக்கு ஓடுங்கள். ரொம்பப் போய்விட்டதா, எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

மேலே வந்ததும் நிமிர்ந்து, முழு பவர். குனிந்தே ஓடினால் மோட்டார் தரையை நோக்கித் தள்ளும். அப்புறம் முக்கியமாக, கால் தரையை விட்டதும் சீட்டில் உட்காராதீர்கள். காற்றிலும் நாலு எட்டு ஓடுங்கள்; பலர் கவிழ்வது அங்கேதான்.

கால் பட்டிகளை ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். வருபவர்கள் இன்றிரவே கை தூக்குங்கள்.