சுமதிக்கு, அந்த நாலு கட்டம் பற்றி

அன்புள்ள சுமதி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவனுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது. பிள்ளைகளை ஒப்பேற்றிய பிறகு நீ எம்.எஸ்ஸி. சைக்காலஜி சேர்ந்திருக்கிறாயே, அதுதான்டி இந்த வருஷம் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஃபேக்டோரியல் டிசைன், அதாவது ஒரே சோதனையில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகளைச் சேர்த்து ஆராயும் முறை, தலையில் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு காரணிகளை ஒரே சமயத்தில் மாற்றினால் எதனால் எது நடந்தது என்று எப்படிப் பிரிப்பது? ரொம்பச் சரியான கேள்வி. வகுப்பில் இதற்கு நான் எடுப்பது காடன், பாட்லி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1975இல் வெளியிட்ட ஆய்வைத்தான்.

ஸ்காட்லாந்துக் கடலில், பல்கலைக்கழக முக்குளிப்புச் சங்கத்தைச் சேர்ந்த 18 பேர். 36 சொற்கள் கொண்ட பட்டியலைக் கரையிலோ தண்ணீருக்கடியிலோ கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு கரையிலோ தண்ணீருக்கடியிலோ நினைவிலிருந்து எழுத வேண்டும். மூச்சுவிடும் சத்தத்தில் சொல் அமுங்கிவிடக் கூடாதே என்று மும்மூன்று சொல்லாக, நடுவில் இடைவெளி விட்டு ஒலிக்கச் செய்தார்கள். அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடிக்கும். படித்த இடம் இரண்டு, எழுதிய இடம் இரண்டு. ஆக நாலு கட்டம். எல்லோரும் நாலிலும் கலந்துகொண்டார்கள்.

சராசரியாக எழுதியவை: கரையில் படித்துக் கரையிலேயே எழுதியபோது 13.5 சொற்கள், கரையில் படித்துத் தண்ணீரில் எழுதியபோது 8.6. தண்ணீரில் படித்துக் கரையில் எழுதியபோது 8.4, தண்ணீரிலேயே எழுதியபோது 11.4.

இப்போது பார். கரையில் மட்டும் தேர்வு வைத்திருந்தால், தண்ணீருக்கடியில் படிப்பது வீண் என்றிருப்போம். தண்ணீரில் மட்டும் வைத்திருந்தால், அங்கே படிப்பதுதான் நல்லது என்றிருப்போம். நேரெதிரான இரண்டு முடிவு, இரண்டுமே அரைகுறை. நாலு கட்டமும் இருப்பதால்தான் பிரிக்க முடிகிறது. படித்த இடத்தை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால் கரைக்கு 11, தண்ணீருக்கு 10, ஏறக்குறைய. எழுதிய இடத்துக்கும் அப்படியே. அதாவது மெயின் எஃபெக்ட், ஒரு காரணி தனியாக உண்டாக்கும் விளைவு, அற்பம். விஷயமெல்லாம் இன்டராக்‌ஷனில், ஒரு காரணியின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவதில், இருக்கிறது: படித்த இடமும் எழுதிய இடமும் ஒன்றானால் நினைவு கூடுகிறது. படித்த இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடாகக் கிராஃப் போட்டால் இரண்டு கோடும் குறுக்கே வெட்டும்.

இடம் மாறும் அலைச்சலே மறதிக்குக் காரணமாக இருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. இரண்டாவது சோதனையில் கரையில் படித்தவர்களை நடுவில் முக்குளிக்க வைத்துவிட்டுக் கரையிலேயே எழுதச் சொல்லி, முக்குளிக்காமல் எழுதியதோடு ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் 2021இல் வெளியான ஒரு மறுசோதனையில் பழைய முடிவு கிடைக்கவில்லை. தேர்வில் இதையும் எழுது. டிசைன் நேர்த்தியாக இருந்தாலும், இவ்வளவு கொஞ்சம் பேரிடம் கிடைத்த முடிவைத் திரும்பச் செய்து பார்த்தே ஆக வேண்டும்.

உன் ப்ராஜெக்டுக்கு வருகிறேன். செல்போனா புத்தகமா, அமைதியா இரைச்சலா என்ற இரண்டு காரணியே போதும். காலையா மாலையா என்பதையும் சேர்த்தால் எட்டுக் கட்டம் ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடிக் களைத்துப் போவாய். மூன்று காரணியும் ஒன்றோடொன்று பின்னும்போது வரும் இன்டராக்‌ஷனை விளக்குவதும் லேசில்லை. மாலையை விட்டுவிடு, எல்லோரையும் காலையிலேயே வரச்சொல்.

கட்டம் போட்டு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தா